ஆரோக்கியமேரியோடு கதைத்தது

அரியலூரில் மத்தியானமானால் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். வகுப்பறை ஜன்னல் அதிரும். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். நான் மட்டும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். போரில் ஷெல் சத்தத்தோடு வளர்ந்தவள் நான்; முல்லைத்தீவில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. பெரம்பலூர் அகதி முகாமிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, இங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். படிப்பைப் பாதியில் விடப் பார்க்கும் பெண்களோடு பேசி, அவர்களைத் தொடரவைப்பதுதான் என் வேலை.

ஆரோக்கியமேரி விக்கிரமங்கலத்துக்காரி. புருஷனின் அடி தாங்காமல் சிறு மகளோடு தாய்வீட்டுக்கு வந்து, நர்சிங் உதவியாளர் படிப்பில் சேர்ந்தவள். அவள் அம்மா வயல் வேலைக்குப் போகும் நாட்களில் மகளும் வகுப்புக்கு வருவாள். அப்படியொரு நாள், நாடி பார்க்கச் சொல்லித்தர ஆண் ஆசிரியர் ஒருவர் அவள் மணிக்கட்டைப் பிடித்ததும், அவள் கையை உதறிவிட்டு மகளோடு வெளியே ஓடினாள். மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பயப்பிடாதை. சும்மா கதை, பிள்ளை.”

அவள் முகம் இறுகியது. “சும்மா கதையா? புருஷன் அடிக்கிறான்னு போய்ச் சொன்னப்ப போலீஸ் ஸ்டேஷன்லயும் இதத்தான் சொன்னாங்க மேடம். கதை விடாதன்னு.”

போனவள் பிறகு வரவில்லை. போர் நாட்களில் பதுங்குகுழி இருட்டில் அம்மா என் தலையைத் தடவி, “கதை பிள்ளை, கதை” என்பார். என் குரல் கேட்கும்வரை நான் உயிரோடிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அதே சொல் இங்கே ஒருத்தியின் வாயை அடைத்துவிட்டது.

விக்கிரமங்கலம் போய், எங்கள் பேச்சில் ‘கதை’ என்றால் ‘பேசு’ என்றுதான் அர்த்தம் என்று விளக்கினேன். “அப்ப பேசுன்னு சொல்லியிருக்கலாம்ல?” என்று சிரித்தவள், சிரிப்பு முடியுமுன் அழுதாள். பொழுது சாயும்வரை பேசினாள். மறுநாள் வகுப்புக்கு வந்தாள். செய்முறைக்கு ஒரு பெண் ஆசிரியரை ஏற்பாடு செய்தோம். மகள் என் அறையில் படம் வரைந்துகொண்டிருப்பாள்.

மழைக்காலம் முடியும்வரைதான். பரீட்சைக்கு முன்பு புருஷன் உறவுக்காரர்களோடு வந்தான். “புள்ளைக்கு அப்பன் வேணாமா?” என்று அவள் வீட்டாரே அனுப்பிவைத்தார்கள். திருப்பூர் என்றார்கள். அவள் போன் அணைந்தே கிடந்தது.

அவளைத் தேடித் திருப்பூர் போக நினைத்தேன். முகாமில் இருப்பவர் வெளியூரில் தங்க அனுமதி வேண்டும். அதைக் கேட்டு முகாம் ஆபீசில் போய் நின்றேன்.

“யாரப் பாக்கப் போறீங்க?”

“எங்கட ஊர்ப் பிள்ளை ஒராள், சார்.”

“சிலோன் பொண்ணா?”

“இல்லை. விக்கிரமங்கலம்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “அப்ப உங்க ஊரு எதும்மா?”

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.