நிலா வெளிச்சத்தில் டார்ச் அடித்தவர்

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் அள்ளும் நேரத்தில் கடையை மூடிவிட்டு மலையேறப் போக வேண்டும் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிய வேகத்தில் பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

எல்லாம் மனைவியின் வேலை. அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். பௌர்ணமி இரவில் வழிகாட்டியோடு மலைநடை என்று அறிவிப்பைப் பார்த்ததுமே மூன்று பேருக்குப் பதிவு செய்துவிட்டாள்: தனக்கு, தன் தம்பிக்கு, கணவருக்கு.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார்.

"கேட்டா வேண்டாம்னுதானே சொல்வீங்க? அதான் கேக்கல."

கண்ணாடிக்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருஷமாக அதே சின்னக் கடை. கண் பரிசோதிக்கும் பின்னறையின் நீளம் போதாது என்று சுவரில் நிலைக்கண்ணாடி மாட்டி, எழுத்துப் பலகை அதில் பிரதிபலித்துத் தூரமாகத் தெரியும்படி வைத்திருந்தார். தெருவில் பாதிப் பேரின் கண்ணாடிப் பவர் அவருக்கு மனப்பாடம். தன் கண்ணையும் அடிக்கடி அளந்துகொள்வார். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படிப்பார். அதனால் தன் கண்ணில் குறை இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

குறை எல்லாம் மற்றவற்றில்தான். தெருவிளக்கு மங்கலாக எரிகிறது. காரின் முகப்பு விளக்குக்கு வயதாகிவிட்டது. சினிமாவுக்குத் தாமதமாகப் போய் இருட்டில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் மடியில் உட்கார்ந்துவிட்டதற்குக்கூட, இருக்கை எண்ணை எழுதியவனைத்தான் திட்டினார்.

மலையடிவாரத்தில் பதினெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். வழிகாட்டி ஒரு குள்ளமான பெண். கழுத்தில் விசில், தோளில் பெரிய பை. குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு.

"யாரும் டார்ச் போடக் கூடாது. ஒருத்தர் போட்டாலும் எல்லார் கண்ணும் கெட்டுப் போயிடும், மறுபடி பழக நேரமாகும். முதல்ல இருட்டாத்தான் இருக்கும். இருபது நிமிஷத்துல பழகிடும்" என்றாள்.

இந்த விஷயத்தை எனக்கே சொல்லித் தருகிறாளா என்று கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கடிகாரத்தில் பச்சையாக ஒளிரும் முள்ளைப் பார்த்தபடி நடந்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. முன்னால் போனவர்கள் எல்லாரும் "அடேயப்பா, பகல் மாதிரி இருக்கே!" என்று வாயைப் பிளந்தார்கள். அவருக்கு முன்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. நடுவில் வெள்ளையாக ஏதோ ஆடியது. அது மச்சினனின் சட்டை. அதையே பிடிமானமாக வைத்து நடந்தார்.

"மாமா, என் செருப்பை ஏன் மிதிச்சுக்கிட்டே வர்றீங்க?"

"நீ ஏன் ஆமை மாதிரி போறே?"

ஒரு வேரில் தடுக்கினார். ஒரு கிளை நெற்றியில் அறைந்தது. நிலாவைத் திட்டினார், புது ஷூவைத் திட்டினார், பதிவு செய்தவளை மனசுக்குள் திட்டினார். மனைவி பின்னாலிருந்து, "மெதுவாப் போங்க" என்று சொன்னபோது, "எனக்குத் தெரியும்" என்று வெடுக்கென்று சொன்னார். 

வறண்ட ஓடை ஒன்று குறுக்கிட்டது. கல்லுக்குக் கல் தாவிக் கடக்க வேண்டும். மச்சினன் சட்டை குதித்துக் குதித்து அக்கரைக்குப் போய்விட்டது. கண்ணாடிக்காரர் முதல் கல்லில் நின்றார். அடுத்த கல் எங்கே? காலை நீட்டித் துழாவினார். காற்றுதான் தட்டுப்பட்டது. பின்னால் வரிசை தேங்கியது.

"பெரியவரே, கொஞ்சம் நகருங்க" என்றான் யாரோ ஒருவன்.

பெரியவரா! அந்த ஒரு சொல்லுக்கே அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பையிலிருந்து போனை எடுத்து டார்ச்சைப் போட்டார். பளீரென்று வெளிச்சம் அடித்ததும் அக்கரையில் இருந்தவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, அணைங்க! அணைங்க!" என்று கத்தினார்கள். விசில் பறந்தது. வழிகாட்டி ஓடையைத் தாண்டி ஓடி வந்தாள்.

"சார், அவ்வளவு சொல்லியும்..."

"வெளிச்சமே இல்லாம மனுஷன் எப்படிம்மா நடப்பான்? விழுந்து காலை உடைச்சா நீயா பதில் சொல்வே?"

"எல்லாரும் நடந்து வர்றாங்களே சார்."

"எல்லாரும் நடிக்கிறாங்க! ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல. தெரியுதுன்னு சும்மா சொல்றாங்க."

அவள் போனை வாங்கினாள். டார்ச்சை அணைத்தாள். கண் பழகக் கொஞ்ச நேரம் விட்டு, குரலைத் தணித்துக் கேட்டாள்:

"சார், எதிர்ல பெரிய பாறை தெரியுதா?"

"தெரியுது."

"அது மேல உங்க வீட்டுக்காரம்மா நிக்கிறாங்களா, உக்காந்திருக்காங்களா?"

கண்ணாடிக்காரர் கண்ணை இடுக்கினார். எழுத்து தெரியாமலே ஊகித்துச் சொல்கிற எத்தனையோ பேரைப் பின்னறையில் பார்த்திருக்கிறார். அவர்களும் இப்படித்தான் கண்ணை இடுக்குவார்கள், இப்படித்தான் குரலை உயர்த்துவார்கள். அதெல்லாம் தெரிந்தும், "நிக்கிறா" என்றார்.

"நான் இங்கதாங்க இருக்கேன்" என்றாள் மனைவி, அவருடைய தோளுக்குப் பக்கத்தில்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

மனைவி அவர் கையைப் பிடித்துத் தன் பையின் வாரில் வைத்தாள். "கல்லு. அடுத்த கல்லு. இப்ப பெரிய அடி வைங்க." பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பேசும் குரல். அந்தக் குரல் தன்னிடம் வந்ததுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. ஆனாலும் வாரை விடவில்லை.

உச்சியில் எல்லாரும் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். அவருக்கு நிலா தெரிந்தது. அதில் குறைவில்லை, வட்டம் சுத்தமாகத் தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"கீழ ஏரி அப்படியே பால் மாதிரி..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"எனக்கு வர்ணனை வேண்டாம்."

"சரி."

நிலாவையே பார்த்தபடி, "எப்பலேருந்து உனக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"நீங்க தண்ணி தொட்டிச் சுவர்ல காரை உரசினீங்களே, அப்பலேருந்து. டாக்டர்கிட்ட போலாம்னு நாலு தடவை சொன்னேன். நானே டாக்டர்தான்னு சொன்னீங்க."

அப்படிச் சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்தது.

அடுத்த வாரம் கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டாக்டர் அவரைவிட இளையவர்.

"எத்தனை நாளா இருட்டுல சிரமம்?"

"இப்பத்தான், பத்து நாளா" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஆறு வருஷமா" என்றாள் மனைவி.

டாக்டர் இரண்டாவது பதிலை எழுதிக்கொண்டார். விழித்திரையின் ஓரங்கள் தளர்ந்து வருகின்றன, மெதுவாகத்தான் போகும், நடுப்பார்வை நன்றாக இருப்பதால் கடை வேலைக்கு இப்போதைக்குப் பாதகமில்லை, பொழுது சாய்ந்தால் வண்டியைத் தொடவே கூடாது என்றார். இனி கண்ணாடிக்காரர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும், வெயில் பட்டுக் கண் கூச, நடைபாதையில் நின்று, "கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன்டி" என்றார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவர் அதை உதறவில்லை.

கோபம் மட்டும் போகவில்லை. வழிகாட்டிப் பெண்ணைப் போனில் கூப்பிட்டார்.

"இருட்டுல கண் தெரியாதவங்க முன்கூட்டியே சொல்லணும்னு அறிவிப்புலயே போட மாட்டியாம்மா? என்னை மாதிரி தெரியாமயே இருக்கிறவங்க எத்தனை பேரோ?"

"நல்ல யோசனை சார், கண்டிப்பாப் போடறேன்" என்றாள்.

சொன்னபடியே போட்டாள். அடுத்த மாத அறிவிப்பை மனைவி காலைச் சாப்பாட்டின்போது அவரிடம் நீட்டினாள். மேலே பெரிதாக நிலாப் படம். கட்டணம், நேரம், தண்ணீர் பாட்டில். எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி, அந்த ஒரு வரி.

கண்ணாடிக்காரர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த அளவுல போட்டா எவன் படிப்பான்?" என்று கத்திவிட்டு, மறுபடியும் போனை எடுத்தார்.