உலகம்மாள் கத்தரித்தோட்டம் மீட்ட படலம்

நாங்குநேரிப் பக்கம் பிறந்து, ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்து, ஸ்ரீபெரும்புதூரில் இன்னும் சில பெண்களோடு ஒரே அறையில் குடியிருந்த உலகம்மாளுக்கு, 2012ஆம் ஆண்டு நிலவரப்படி பன்னிரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. கிணறு, காற்றாலை, இரண்டு பசுக்கள், சுற்றிலும் வெள்ளை வேலி. இவையெல்லாம் 'ஹேப்பி ஏக்கர்' என்ற ஆன்லைன் விளையாட்டுக்குள் இருந்தன என்பதற்காக யாரும் மட்டமாக நினைத்துவிடக் கூடாது. பட்டா ஒன்றுதான் இல்லை. நிஜ நிலம் வைத்திருந்த பலரிடமும் அது இல்லை.

ஊரில் இருந்தவரை வயலில் கால் வைக்காதவள் அவள். சேறு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியே வளர்ந்தவள். அப்படிப்பட்டவள் இங்கே விடியுமுன் எழுந்து, போர்வைக்குள்ளேயே போனைத் திறந்து கத்தரிக்காய் பறித்துவிட்டுத்தான் பல் தேய்த்தாள். அந்த விளையாட்டின் சட்டம் அப்படி. விளைந்ததை உடனே பறிக்காவிட்டால் அழுகிவிடும். பறித்தாலோ, 'உலகம்மாள் கத்தரிக்காய் பறித்தார்' என்று நேரத்தோடு உலகத்துக்கே அறிவித்துவிடும். கல்யாண வீட்டு மைக் செட்டுக்கு உள்ள அடக்கம்கூட அதற்குக் கிடையாது.

இப்படியிருக்க, ஒருநாள் அவளுக்கு இலவச டிராக்டர் தருவதாகச் செய்தி வந்தது. பாஸ்வேர்டைக் கொடுத்தால் போதுமாம். நாடெங்கும் மிக்சியும் கிரைண்டரும் ஃபேனும் இலவசமாக இறங்கிக்கொண்டிருந்த காலம். டிராக்டர் மட்டும் வராது என்று சந்தேகப்பட நியாயமில்லை. கொடுத்தாள். மறுநாள் அவளால் தன் தோட்டத்துக்குள் நுழைய முடியவில்லை. உள்ளே யாரோ அவள் பெயரிலேயே உழுதுகொண்டிருந்தார்கள்.

நிலம் போனதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. இரண்டு வாரம் கழித்து லைன் சூப்பர்வைசர் பகலவன் அவளுக்கு மெமோ கொடுத்தார். ஷிஃப்ட் நேரத்தில், லைனில் நின்றுகொண்டு, தடை செய்யப்பட்ட போனில் கத்தரிக்காய் பறித்ததாகக் குற்றச்சாட்டு. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, தகவல் வந்தது என்றார். அந்த நாலு எழுத்துச் சொல்லுக்கு மேல் எந்த அதிகாரியும் விளக்கம் தருவதில்லை.

அந்த மாதம்தான் அவளுக்கு டிரெய்னிங் முடிகிறது. பெர்மனென்ட் ஆக வேண்டும், அல்லது பெட்டியைக் கட்டிக்கொண்டு தெற்கே பஸ் ஏற வேண்டும். மூன்றாவது வழி அந்தக் கம்பெனியில் கண்டுபிடிக்கப்படவில்லை. எச்.ஆர். அதிகாரி பிரவீனா மெமோவையும் விளையாட்டின் அறிவிப்புகளையும் பார்த்தாள். உள்ளே இருப்பது தான் இல்லை என்று உலகம்மாள் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டாள். "அப்போ அந்த அக்கவுண்ட்டை மீட்டு வந்து காட்டுங்க. வெள்ளிக்கிழமை முடிவு சொல்லணும்," என்றாள்.

போர் தொடங்கியது.

விளையாட்டு நிறுவனத்துக்குக் கதவு கிடையாது, தொலைபேசி கிடையாது, ஒரு மின்னஞ்சல் முகவரிதான் உண்டு. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அறைத்தோழி முத்துச்செல்வி பி.காம். பள்ளியிலிருந்து கல்லூரிவரை அவளுக்குக் கற்பிக்கப்பட்ட ஒரே ஆங்கிலக் கடிதம் லீவு லெட்டர்தான் என்பதால், அந்த வார்ப்பிலேயே எழுதினாள். மதிப்பிற்குரிய ஐயா, நான் அக்கவுண்ட் பறிபோன துன்பத்தால் அவதிப்படுவதால், அதைத் திருப்பித் தந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள உலகம்மாள்.

கெவின் என்பவரிடமிருந்து பதில் வந்தது. மதிப்புமிக்க விவசாயியே, தாங்கள் விரைவில் உடல்நலம் தேற வாழ்த்துகிறோம்.

அடுத்த கடிதத்தில் 'அவதி' நீக்கப்பட்டது. என் தோட்டத்தில் இருப்பது யார் என்று நேரடியாகவே கேட்டார்கள். அதற்குக் கெவின், விவசாயிகளின் தனியுரிமையைத் தங்கள் நிறுவனம் உயிரென மதிப்பதால், உலகம்மாளின் அக்கவுண்டைப் பற்றிய விவரத்தை உலகம்மாளிடம் சொல்ல இயலாது என்று எழுதினார். அவள் எத்தனை மணிக்குக் கத்தரிக்காய் பறிக்கிறாள் என்பது ஊருக்கெல்லாம் தெரியலாம். அவளுக்குத் தெரிவதுதான் தனியுரிமைக்கு ஆபத்து. எழுதி வாங்கிப் படித்தபோது நன்றாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு வழியைக் கெவின் திறந்து வைத்தார். அக்கவுண்ட் தொடங்கியபோது கொடுத்த ரகசியக் கேள்விக்குச் சரியான விடை. கேள்வி, உங்களுக்குப் பிடித்த பழம் எது?

உலகம்மாள் சிரித்துவிட்டாள். அவளுக்குப் பிடித்தது வாழைப்பழம். இது அறைக்குத் தெரியும், லைனுக்குத் தெரியும், கேன்டீனுக்கும் தெரியும். ஆங்கில எழுத்தில் தமிழாக 'வாழைப்பழம்' என்று அடித்தாள். தவறு என்றது. தமிழுக்குச் சிறப்பு ழகரம் என்று மேடைதோறும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதுவது என்பதற்கு மட்டும் மேடை போடுவதில்லை. முத்துச்செல்வி இசட்டும் எச்சும் போட வேண்டும் என்றாள். இன்னொருத்தி எல் போதும் என்றாள். மூன்றாமவள் நடுவில் ஒரு 'ஐ' விட்டுப்போயிற்று என்று சத்தியம் செய்தாள். மூன்று முறை தவறினால் ஒருநாள் பூட்டு. பூட்டு திறக்கும், மூன்று தவறு, மறுபடி பூட்டு. கெவினோ, தங்களுக்குப் பிடித்த பழத்தை நிதானமாக நினைவுகூருங்கள் என்று எழுதினார். பழம் நினைவில் இருக்கிறது, எழுத்துத்தான் இல்லை என்பதை விளக்க லீவு லெட்டரில் இடமில்லை.

வியாழக்கிழமை காலைப் பூட்டும் விழுந்தபின்தான் உலகம்மாளுக்கு உறைத்தது. இத்தனை பேர் எழுத்துக் கூட்டுகிறார்களே, அன்றைக்கு அடித்தது யார்? அவள் இல்லை. அப்போது அவளிடம் போன்கூடக் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட் அருகே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த முனிரத்தினம்தான் அவள் வாயால் சொல்லச் சொல்ல அடித்தவர். சொந்த ஊரே அதுதான் அவருக்கு. ரகசியக் கேள்வியை உரக்கப் படித்து, ரகசிய விடையை உரக்க வாங்கி, வரிசையில் நின்றவர்கள் முன்னிலையில் பதிவு செய்தவர்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் இறங்கியவுடன் ஓடினாள். முனிரத்தினம் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"இன்னாமா, தோட்டம்லாம் நல்லா கீதா?"

அன்றைக்கு என்ன அடித்தீர்கள் என்று கேட்டாள்.

"நீ இன்னா சொன்னியோ அத்த தான் அட்ச்சேன்."

"நான் வாளப்பளம்னுலா சொன்னேன், அண்ணே."

"ஆமா. வாயப்பயம்."

"இல்லண்ணே. வாளப்பளம்."

"அத்த தாம்மா நானும் சொல்றேன். வாயப்பயம்."

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் ஒருவர், இருவரும் ஒரே பழத்தைத்தானே சொல்கிறீர்கள், எதற்குச் சண்டை என்று சமாதானத்துக்கு வந்தார். உலகம்மாள் அவரைக் கையமர்த்தினாள். ஒரு கீபோர்டை இழுத்து முனிரத்தினத்தின் முன் வைத்து, அந்தப் பழத்தை அடித்துக் காட்டச் சொன்னாள். அவர் ஒற்றை விரலால், வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தார். திரையில் ழ இல்லை, ள இல்லை, எல்லாம் ஆங்கில 'ஒய்'யாக இருந்தது. அவள் திருநெல்வேலி வாயால் சொன்னதை அவர் தொண்டை மண்டலக் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் இறக்கியிருக்கிறார். மூன்று ராஜ்யங்களைக் கடந்த பழம், எப்படி அடையாளம் தெரியும்?

வெள்ளிக்கிழமை எச்.ஆர். அறை. ஒரு பக்கம் பிரவீனா, மறுபக்கம் கையெழுத்துப் போடவேண்டிய பகலவன், நடுவில் உலகம்மாள். பூட்டு திறந்திருந்தது. ஆனால் அலுவலகக் கணினியில் விளையாட்டுகளுக்குத் தடை என்பதால் பிரவீனா தன் போனையே நீட்டினாள். உலகம்மாள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பகலவன் கடிகாரத்தைப் பார்த்தார். சக்கரம் போல ஒன்று திரையில் சுற்றிச் சுற்றி நின்றது.

நல்வரவு, விவசாயி உலகம்மாள்.

பன்னிரண்டு ஏக்கர் நாற்பது ஏக்கராகியிருந்தது. அபகரித்தவர் யாரோ, உண்மையான உழைப்பாளி. டிராக்டர்கூட நின்றது. பிரவீனா அக்கவுண்ட் பதிவுகளைத் திறந்தாள். இரண்டு வாரமாக உள்ளே நுழைந்த இடம் லூதியானா. அது சரியாக எங்கே இருக்கிறது என்பதில் அறையில் இருந்த மூவருக்கும் உறுதியில்லை. ஒரகடத்தில் இல்லை என்பதில் மூவரும் ஒத்துப்போனார்கள். மெமோவில் கண்ட அதே நேரத்தில் உலகம்மாள் லைனில் நின்றதற்குப் பஞ்ச் கார்டு சாட்சி சொன்னது.

பிரவீனா விரலால் இன்னும் கீழே தள்ளினாள். யார் யார் தோட்டத்துக்கு வந்து போனார்கள் என்பதையும் விளையாட்டு ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருந்தது. அண்டைவீட்டார் பகலவன் தக்காளிக்கு நீர் ஊற்றினார், காலை ஷிஃப்ட். அண்டைவீட்டார் பகலவன் பசுவைத் தடவிக் கொடுத்தார், காலை ஷிஃப்ட். அண்டைவீட்டார் பகலவன் மீண்டும் தக்காளிக்கு. சூப்பர்வைசர்கள் மட்டும் வேலை நிமித்தம் லைனில் போன் வைத்திருக்கலாம் என்று விதி இருந்தது. பசு அந்த விதிக்குள் வருமா என்று யாரும் யோசித்ததில்லை.

"தகவல் வந்ததுன்னு சொன்னீங்களே பகலவன், இப்படித்தான் வந்துச்சா?"

கண்காணிப்புப் பணி என்று அவர் விளக்கினார்.

"சரி. தக்காளிக்கு எதுக்குத் தண்ணி ஊத்துனீங்க?"

"வாடிக்கினு இருந்துது மேடம்," என்றார்.

பிரவீனா மெமோவை எடுத்துக் குறுக்கே கோடு போட்டாள். பெர்மனென்ட் ஆணையைப் பகலவன் பக்கம் நகர்த்தினாள். கையெழுத்திடும்போது அவர் கை நடுங்கியதாக எழுத ஆசைதான், ஆனால் வரலாறு பொய் சொல்லக் கூடாது. கை நன்றாகவே ஓடியது. உலகம்மாள் அந்தத் தாளை வாங்கி, பெயரை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்து, நாலாக மடித்து அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

வெளியே நடையில் பகலவன் பின்னாலேயே வந்தார். இந்த அண்டைவீட்டார் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிட முடியுமா என்று, லைனில் ஒருபோதும் கேட்டிராத மெல்லிய குரலில் கேட்டார்.

உலகம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

"இருந்துட்டுப் போங்க சார். நாப்பது ஏக்கரு. தண்ணி ஊத்த ஆளு வேணும்லா?"