சாதிக்காய்க் குவியலை நான் விட்டுக்கொடுக்கவில்லை

“...அத அப்படியே கீழ வைங்க. சீனி வருத்தக்காரருக்கு மூட்ட தூக்கச் சொல்லி எந்த டொக்டர் சொன்னாரு?” என்றாள் என் மனைவி பரீதா. என் கையில் ஐந்து கிலோ மிளகுப் பை. நான் வைக்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒருவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்த நாளிலிருந்து அவர் கையில் இருப்பதை எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள். அன்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் பதினொரு வருடம் ஒரு வாளித் தண்ணீர் கூடத் தூக்காதவனின் தொடை எப்படி இருக்கும்? இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் இரண்டு குச்சி.

பிறகு தலையும் மங்கியது. இரத்தோட்டைப் பக்கம் சாதிக்காய் வாங்கி, மாத்தளையில் காயவைத்து விற்பது எங்கள் தொழில். ஓட்டோடு காதருகே குலுக்கினால் காய்ந்த கொட்டை கடகடக்கும், ஈரக்கொட்டை பேசாது. ஒரு நாள் குலுக்கிய குவியல் எது, குலுக்காதது எது என்று மறந்து, இரண்டையும் ஒன்றாக அள்ளிவிட்டேன். மூட்டை முழுக்கப் பூஞ்சணம். அன்றிலிருந்து குவியல் முன்னால் பரீதா உட்கார்ந்தாள், இரத்தோட்டைக்குக் காய் வாங்கவும் அவளே போனாள். “நீங்க சும்மா இரிங்க” என்றாள். சீனியை விட அந்தச் ‘சும்மா’தான் என்னைத் தின்றது.

கிளினிக்கில் மருத்துவர் அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டேன், மூளையும் போகிறதா என்று. நீண்ட நாள் சீனி மூளையின் சிறு இரத்தக் குழாய்களையும் கெடுக்கலாம் என்றார். கண்ணையும் பிரஷரையும் சோதித்த பிறகுதான் எதிர்ப்புப் பயிற்சி (பாரத்துக்கு எதிராகத் தசையை வேலை வாங்குவது) செய்யச் சொன்னார். வேலை செய்யும் தசை இரத்தத்துச் சீனியை இழுத்துக்கொள்ளுமாம். “மறதி போகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். மூளைக்கும் உதவும்னு நம்ப இடம் இருக்கு” என்றார். எனக்கு அது போதும்.

கதிரையில் உட்கார்ந்து கைபிடிக்காமல் எழுவது, சுவரைத் தள்ளுவது, மிளகுப் பை தூக்குவது. வாரத்தில் மூன்று நாள். என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் பக்கத்துக் கடை முருகேசு எட்டிப் பார்த்தார். “என்ன நானா, மிஸ்டர் ஸ்ரீலங்காவுக்குப் போறீங்களா?”

“போனா உங்களத்தான் தூக்கிக் காட்டுவேன்” என்றேன்.

எட்டு மாதமாயிற்று. இன்றும் பெயர்கள் மறக்கின்றன. குலுக்கிப் பார்த்துக் கடகடத்த காயை மட்டும் பச்சைச் சாக்கில் போடுகிறேன். மறதிக்கு நான் கட்டிய வேலி அது, அதில் வெட்கம் இல்லை. நீங்களும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள், வீட்டாரின் அன்புக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். முன்பு அடுத்த இரத்தப் பரிசோதனை வரைதான் என் காலம். இப்போது தோள் வலித்தால் நேற்றுப் பயிற்சி செய்த நாள், வலி இறங்கினால் நாளை செய்யும் நாள். நாள் உடம்புக்குள்ளே நடக்கிறது.

போன வாரம் ஒரு மூட்டை முழுவதையும் நானே குலுக்கிப் பிரித்தேன். பரீதா பச்சைச் சாக்கில் கைவிட்டு, ஒவ்வொன்றாய் எடுத்துக் காதருகே குலுக்கினாள். கடைசிக் காய் வரைக்கும். எல்லாம் கடகடத்தன. பிறகு போனை எடுத்து, இரத்தோட்டையில் எங்களுக்குக் காய் விற்பவருக்கு அடித்தாள்.

“நாளைக்கு நான் வரல்ல. அவர்தான் வாராரு, தனியா.”