கட் அடித்த அக்கா

பெரம்பலூர் கல்லூரியில் என்னோடு முதலாமாண்டு சேர்ந்த அவருக்கு நாற்பது வயதிருக்கும். அரியலூர் பஸ்ஸில் வருவார். காதோரம் நரை, தோளில் மகனின் பழைய பள்ளிப் பை. எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து நின்று அனுமதி கேட்பார். "இது ஸ்கூல் இல்லம்மா" என்று பேராசிரியர்கள் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனார்கள்.

ஒரு மதியம் என்னைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, கட் அடிக்கணும்னா யாருகிட்ட கேக்கணும்?"

"கேக்காம போறதுக்குப் பேருதான்க்கா கட்டு. என்ன விஷயம்?"

"ப்ளஸ் டூ படிக்கிற எம் பையன் பள்ளிக்கூடத்த கட் அடிச்சிட்டு சுத்தியிருக்கான். டீச்சர் என்னைய உடனே வரச் சொல்லிட்டாங்க."

பின்வாசல் வழியாக நான்தான் அனுப்பிவைத்தேன். போகும்போது வகுப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள், "பையனத் திட்டுனீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"டீச்சர் முன்னாடி திட்டத்தான் வாயெடுத்தேன். 'இந்நேரம் உனக்கு கிளாஸ் இல்லியாம்மா?'ன்னு கேட்டுட்டான் தம்பி. அப்புறம் எங்க திட்டுறது? ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல பஜ்ஜி தின்னுட்டு வூட்டுக்குப் போயிட்டோம்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாங்கள் எத்தனையோ வகுப்புகளைக் கட் அடித்திருக்கிறோம். அந்த ஒரு மதியத்தில் அவருக்குக் கிடைத்த சந்தோஷம் எங்களில் யாருக்கும் கிடைத்ததாக நினைவில்லை.