பொய் சொன்னதற்கு மட்டும் தண்டனை

கனடாவில், பிறம்ரன் நகரத்துத் தளபாடக் கடை ஒன்றில்தான் அண்ணி அந்த ஆளைக் கண்டார். மனைவியோடு வந்து மெத்தைகளை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஊரில் என் அண்ணனைக் கொண்டுபோய் வைத்திருந்த இராணுவ முகாமுக்கு அவர்தான் பொறுப்பதிகாரி. அண்ணி மாதக்கணக்காக அந்த வாசலில் நின்றவர். அப்படி ஒருவர் உள்ளே இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்லித் திருப்பி அனுப்பிய முகத்தை அவர் மறப்பாரா? அண்ணன் திரும்பி வரவேயில்லை.

அண்ணியை ஒரு வழக்கறிஞரிடம் கூட்டிப்போனேன். இங்கே பிறந்த தமிழ்ப்பெண், உற்சாகமாக விளக்கினாள். உலகப்போர்க் காலத்துக் குற்றத்துக்காக முன்பு ஒருவரை இங்கே விசாரித்தார்களாம். மேலிடத்து உத்தரவுப்படிதான் செய்தேன் என்ற சாட்டும் அப்போது எடுபட இடமிருந்ததாம், ஆள் விடுதலையாகிவிட்டார். அந்த வெட்கத்துக்குப் பிறகு வந்ததுதான் புதுச் சட்டம்.

"இப்ப லோ கிளியர், அங்கிள். எந்த நாட்டில செய்திருந்தாலும், ஆள் கனடாவில நிண்டால் இங்கயே கேஸ் போடலாம். இது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம்."

அந்த மனிதகுலத்தின் சார்பில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அண்ணியின் தேநீரைக் குடித்து, அவர் அழுததையெல்லாம் ஒலிப்பதிவு செய்தார்கள். வழக்குப் போட மேலிடத்துச் சம்மதம் வேண்டுமாம். அந்தச் சம்மதம் ஒட்டாவாவில் எங்கோ நன்றாக உறங்கியது. கடைசியில் எங்களைக் கூப்பிட்டு, அந்த ஆளை வழக்கில்லாமல் நாடு கடத்தப்போவதாகச் சொன்னார்கள். குடியேற வந்தபோது, தான் படையில் இருந்ததே இல்லை என்று பொய் சொல்லியிருக்கிறாராம்.

"அப்ப என்ர மனுசனுக்குச் செய்தது?" என்று அண்ணி கேட்டார்.

அதிகாரி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது வேற விசயமாம். இது நல்ல முடிவாம்."

மனிதரைக் காணாமலாக்கியதைப் பொறுத்துக்கொண்ட நாட்டுக்கு, தன்னிடம் பொய் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். அங்கே அவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாலை போட்டு வரவேற்றதாகக் கேள்வி.

அடுத்த வருடம் அந்த வழக்கறிஞர் எனக்கு அழைப்பெடுத்தாள். அந்தச் சட்டத்தின் பெருமை பற்றி நகர மையத்தில் ஒரு கூட்டமாம், அண்ணி பேசவேண்டுமாம். அண்ணி போனை வாங்கினார்.

"வாறன் பிள்ளை. அவனுக்கு பிளேன் ரிக்கெற் எடுத்துக் குடுத்து அனுப்பினதுக்குப் பேர் நீதி இல்லையெண்டு சொல்லுவன். பரவாயில்லையோ?"

"கேட்டுச் சொல்லுறன், அன்ரி."

இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் போலும்.