யாரும் சோதிக்காத இரண்டாவது அட்டை

"ரெண்டு மூளை இருக்கிற ரவுட்டர் எப்படிடா நிக்கும்?" என்று அம்மா கேட்டாள்.

ஊருக்கே இணையம் தரும் அந்த ரவுட்டரைப் பராமரித்தவள் என் அக்கா. அதன் மூளை போன்ற கட்டுப்பாட்டு அட்டைகள் இரண்டு; ஒன்று செத்தால் மற்றது உடனே பொறுப்பேற்க வேண்டும். ஏற்குமா என்று சோதிக்க, மேலாளரிடம் நான்கு முறை எழுதி அனுமதி கேட்டாள்.

"ஓடுறதை எதுக்கும்மா நோண்டுற? பச்சை விளக்கு எரியுதுல்ல?" என்றார் அவர்.

போன வாரம் முதலாவது அட்டை செத்தது. பழைய மென்பொருளோடு கிடந்த இரண்டாவது அட்டை எழவே இல்லை. ஊரே ஐந்து மணி நேரம் இணையமில்லாமல் தவித்தது. பராமரிப்பில் அலட்சியம் என்று அக்காவை வேலையைவிட்டு அனுப்பினார்கள். உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் அதே மேலாளர்.

"நீ எழுதினதையெல்லாம் காட்ட வேண்டியதுதானேக்கா?"

"காட்டினேன்டா. யாரும் வாங்கிப் படிக்கல."

அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். நீங்களாவது படித்தீர்கள். நான்கு பேரிடம் சொல்லுங்கள்.