இருநூற்று நாற்பத்தாறாம் அட்டை

பேஸ்போல் அட்டைக் கடையில் கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் கண்ணாடிக்குள் இருப்பார்கள். மற்றவர்கள் சப்பாத்துப் பெட்டிக்குள் கிடப்பார்கள். தொண்ணூறுகளில், ஊரைவிட்டு இந்தப் பனி நாட்டுக்கு வந்த புதிதில், அஜின்கோர்ட்டில் அப்படியொரு கடையில் எனக்கு வேலை கிடைத்தது. பேஸ்போலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. தெரியாத வேலைக்கு எல்லாம் தெரியும் என்று தலையாட்டிச் சேர்ந்தவர்களே, நீங்களாவது என் பக்கம் நிற்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சப்பாத்துப் பெட்டி

பழைய அட்டைகள் மொத்தமாக வரும். ஒரு பக்கம் ஆட்டக்காரரின் படம், மறுபக்கம் அவருடைய விபரம். பேர்போனவர்களை முதலாளி பொறுக்கி எடுத்துவிடுவார். மிச்சப் பேரை இலக்கப்படி அடுக்குவது என் வேலை. ஒரு வருடம் ஆடிவிட்டு விலக்கப்பட்டவர்கள், முழங்கால் போய் வீட்டோடு இருந்தவர்கள். இவர்களை யார் வாங்குவார்கள் என்று முதல் நாளே கேட்டேன்.

முதலாளி சொன்னதைத் தமிழில் சொல்வதென்றால்: "பேர்போனவனை வாங்கக் காசு காணும். இவங்களைத் தேடுறதுக்கு விசர் வேணும்."

குறிப்புப் பார்த்தல்

அடுக்கி முடியாததை மல்வேர்னில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்குக் கொண்டுவருவேன். எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த காலம் அது. யாருடைய படத்தைக் கண்டாலும் அம்மா கலியாணக் கண்ணோடுதான் பார்ப்பார். ஒரு நாள் ஓர் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தை வாசிக்கச் சொன்னார். பிறந்த திகதி, உயரம், நிறை, ஊர் எல்லாம் வாசித்தேன். ஆளுக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கும் என்று நான் சொல்வதற்குள் அம்மா முடிவெடுத்துவிட்டார்.

"பெடியன் பரவாயில்லை. மேல்வீட்டு அன்ரியின்ரை மகளுக்குப் பாக்கலாம். நட்சத்திரத்தை மட்டும் கேட்டுச் சொல்லு."

வோல்டரின் சனிக்கிழமை

வோல்டர் என்றொரு வயதான வாடிக்கையாளர் சனிக்கிழமை தவறாமல் பிக்கரிங்கிலிருந்து வருவார். சின்ன வயதில் ஒரு வருடத்து அட்டைத் தொகுதி முழுவதையும் சேர்த்து வைத்திருந்தாராம். வேலைக்கென்று வெளியூர் போயிருந்த நேரம், அறையைத் துப்புரவாக்கிய தாய் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டார். அதே தொகுதியைப் பல வருடங்களாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தார். மிச்சம் ஒன்றே ஒன்று, இலக்கம் இருநூற்று நாற்பத்தாறு. யாருக்கும் தெரியாத ஆட்டக்காரர்.

தாய் இறந்து எவ்வளவோ காலம். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் பெட்டியை மூடும்போது இதைச் சொல்லாமல் போகமாட்டார்: "இதிலையும் இல்லை. எல்லாம் என்ரை அம்மா செய்த வேலை."

தொப்பி போட்ட முகம்

ஒரு வியாழக்கிழமை வந்த பெட்டியில் இருநூற்று நாற்பத்தாறு இருந்தது. வோல்டருக்கு எடுத்துவைப்போம் என்று படப் பக்கத்தைத் திருப்பினேன். தொப்பிக்குக் கீழே என் தம்பி குகன் சிரித்துக்கொண்டிருந்தான். அதே புருவம், அதே ஒரு பக்கச் சிரிப்பு.

ஊரில் இராணுவம் தேடுதல் தொடங்கியபோது, எங்கள் முகம் யார் கையிலும் அகப்படக்கூடாது என்று அம்மா எங்கள் படங்களையெல்லாம் அடுப்பில் போட்டார். பள்ளிக்கூடப் படம்கூட மிஞ்சவில்லை. படம் இல்லாமலே அவனைக் கொண்டுபோனார்கள். முகாம் வாசலில் மற்றத் தாய்மார் ஆளுக்கொரு படத்தோடு நின்றார்கள். அம்மாவிடமும் படம் கேட்டார்கள். வாயால்தான் அவன் முகத்தைச் சொன்னார். அவன் வரவேயில்லை.

அட்டைக்குரிய விலையைக் கல்லாவில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதைச் சாமித்தட்டில் வைத்தார். மாலை போடவில்லை, காணாமல் போனவனுக்கு மாலை போடுவதில்லை. பள்ளிக்கூடம் போகும்போது பூசிவிடுவதுபோலத் தினமும் நெற்றியில் திருநீறு மட்டும் வைப்பார்.

"உவன் அவனில்லை எண்டு எனக்குத் தெரியும். இருக்கட்டும்."

கைக்குட்டை

அதன்பிறகு சனிக்கிழமைகளில் வோல்டரின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பனிக்காலத்தில் சில வாரம் வராமல் இருந்து, பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். பாதியாய் இளைத்திருந்தார். வைத்தியர்கள் கைவிட்டுவிட்டார்களாம். பெட்டியைத் தேடினார். தாயைக் குறைசொன்னார். போனார். என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

 அடுத்த சனிக்கிழமை நான் வெளிக்கிட்டபோது, அம்மா அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக் கையில் தந்தார். "கொண்டுபோய்க் குடு. ஒரு பிள்ளை தாயைக் குறைசொல்லிக்கொண்டு சாகக்கூடாது."

என் இங்கிலீஷில் முடிந்த அளவுக்கு எல்லாவற்றையும் வோல்டரிடம் சொன்னேன். அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி எட்டிப் பார்த்து, நெற்றியில் வெள்ளைக் கறை இருக்கிறது, துடைத்தால்தான் ஏதாவது காசு பெறும் என்று துணியை நீட்டினார். வோல்டர் அட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"துடைக்காதேங்கோ. அது ஒரு அம்மா வைச்சது."

விலைப் புத்தகத்தில் இருநூற்று நாற்பத்தாறுக்கு நேரே இன்றைக்கும் 'சாதாரணம், கேட்பார் குறைவு' என்றுதான் போட்டிருக்கிறது. எங்கள் சாமித்தட்டில் அந்த இடத்தில் அம்மா வேறு எதையும் வைக்கவில்லை.